குடிதண்ணீரும் நம் வீடும்: வடிகட்டி வந்த வரலாறு

தோட்டத்து லயங்களிலும், தோட்டத்தை விட்டு வந்து குடியேறிய அடுக்குமாடி வீடுகளிலும் ஒரு கேள்வி இன்று அடிக்கடி எழுகிறது. குடிதண்ணீரைத் தூய்மையாக்க வீட்டில் என்ன ஏற்பாடு செய்துகொள்வது? கொதிக்க வைத்து ஆற்றிக் குடித்தால் போதுமா? மெழுகுவர்த்தி போன்ற வெள்ளைக் குழல் வைத்த வடிகட்டி போதுமா? அல்லது மாதத் தவணையில் வாங்கும் பெரிய இயந்திரம்தான் வேண்டுமா? சம்பளத்தில் ஒவ்வொரு வெள்ளியையும் எண்ணிச் செலவு செய்கின்ற குடும்பத்துக்கு இது சிறிய கேள்வி அன்று. பொருந்தாத பொருளை வாங்கினால் பணம் போகும். அந்தப் பொருளை நம்பிக் கவனக் குறைவாக இருந்துவிட்டால் பிள்ளைகளின் உடல்நலமும் போகும்.

இந்தக் கேள்வியை முதன்முதலில் கேட்பவர்கள் நாம் அல்லர். நம் பாட்டன்மார் கேட்டிருக்கிறார்கள். லண்டன் மாநகர மக்களும் ஹாம்பர்க் நகர மக்களும் கேட்டிருக்கிறார்கள். அவர்கள் பட்ட பாட்டையும் கண்ட முடிவுகளையும் தெரிந்துகொண்டால், கடைக்குப் போகும்போது நம் கையில் ஓர் அளவுகோல் இருக்கும். ஆகவே வீட்டில் தண்ணீரைத் தூய்மை செய்த வரலாற்றை இன்றைய பேச்சில் சுருக்கமாகப் பார்ப்போம்.

முதலில் நம் முன்னோரிடமிருந்து தொடங்குவோம். தமிழ்நாட்டில் ஏரி நீரும் ஊருணி நீரும் மழைக்காலத்தில் கலங்கி வரும். அந்தத் தண்ணீரை நிரப்புவதற்கு முன் மண்பானையின் உட்புறத்தில் தேற்றாங்கொட்டையைத் தேய்ப்பார்கள். சற்று நேரத்தில் கலங்கல் அடியில் படிந்து, மேலே தெளிந்த நீர் நிற்கும். தேற்றுதல் என்றால் தெளிவித்தல். மரத்தின் பெயரே அதன் பயனைச் சொல்லிவிடுகிறது. சுசுருத சம்ஹிதை என்னும் பழைய வடமொழி மருத்துவ நூலிலும் இந்தக் கொட்டையைப் பற்றிய குறிப்பு உண்டு. நீரில் மிதக்கின்ற நுண்ணிய மண் துகள்களை ஒன்றோடு ஒன்று ஒட்டவைத்துக் கனமாக்கிக் கீழே இறக்குவதே அதன் வேலை. படிகாரமும் அதே வேலையைத்தான் செய்கிறது. இன்றைய பெரிய நீர் சுத்திகரிப்பு நிலையங்களிலும் முதற்படியாகப் படிகாரத்தைச் சேர்ந்த பொருள்களையே ஆற்று நீரில் கலக்கிறார்கள். ஆகவே நம் பாட்டி செய்தது வெறும் பழக்கம் அன்று. அதில் விஞ்ஞானம் இருந்தது.

துணியால் வடிகட்டும் வழக்கமும் அப்படியே. குடத்தின் வாயில் பழைய வேட்டியையோ சேலையையோ கட்டித் தண்ணீர் ஊற்றுவதை நம் தாய்மார்கள் பலர் பார்த்திருப்பீர்கள். வங்காளதேசத்துக் கிராமங்களில் விஞ்ஞானிகள் இதனைச் சோதித்துப் பார்த்து, 2003ஆம் ஆண்டில் முடிவை வெளியிட்டார்கள். பழைய சேலையைப் பல மடிப்பாக மடித்துக் குளத்து நீரை வடிகட்டிய கிராமங்களில் வாந்திபேதி நோய் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்திருந்தது. காலராக் கிருமி, தண்ணீரில் வாழும் மிக நுண்ணிய பூச்சிகளின் உடலில் ஒட்டிக்கொண்டு திரிகிறது. அந்தப் பூச்சிகள் துணியில் தங்கிவிடுகின்றன. துவைத்துத் துவைத்து நூல் தளர்ந்த பழைய சேலைதான் புதுச் சேலையைவிட நன்றாக வடிகட்டுகிறது.

ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். நோய் பாதிதான் குறைந்தது. மறு பாதி நின்றுவிட்டது. தேற்றாங்கொட்டை கலங்கலை நீக்கும். கிருமியை முழுவதும் நீக்காது. துணி பூச்சியைத் தடுக்கும்; தனித்து மிதக்கும் கிருமியைத் தடுக்காது. கண்ணுக்குத் தெளிவாக இருக்கின்ற தண்ணீர் எல்லாம் நல்ல தண்ணீர் என்று உலகம் நெடுங்காலம் நம்பியிருந்தது. அந்த நம்பிக்கை உடைந்த கதையை இனிப் பார்ப்போம்.

1854ஆம் ஆண்டில் லண்டன் மாநகரில், பிராட் தெரு என்னும் பகுதியில் காலரா பரவியது. பத்து நாட்களுக்குள் ஐந்நூறு பேருக்கு மேல் இறந்தார்கள். காலரா கெட்ட காற்றினால் வருகிறது என்பதே அக்காலத்து மருத்துவர்கள் பெரும்பாலோரின் கருத்து. டாக்டர் ஜான் ஸ்னோ என்பவர் மட்டும் வீடு வீடாகச் சென்று, இறந்தவர்கள் எங்கிருந்து தண்ணீர் எடுத்தார்கள் என்று விசாரித்தார். பெரும்பாலோர் அந்தத் தெருவிலிருந்த ஒரே அடிகுழாயில் தண்ணீர் எடுத்தவர்கள். அந்தக் குழாய்த் தண்ணீருக்கு நல்ல பெயர் இருந்தது. அதன் சுவையை விரும்பிய ஓர் அம்மையார், தொலைவிலுள்ள வேறு பகுதிக்குக் குடிபெயர்ந்த பின்னும் அந்தத் தண்ணீரையே தினந்தோறும் வரவழைத்துக் குடித்தார். அவரும் காலராவில் இறந்தார். அக்கம்பக்கத்தில் வேறு யாருக்கும் நோய் இல்லை. ஸ்னோவின் வேண்டுகோளின்படி செப்டம்பர் 8ஆம் நாள் அக்குழாயின் கைப்பிடியைக் கழற்றினார்கள். தெளிவும் சுவையும் தூய்மைக்குச் சாட்சி ஆகமாட்டா என்பது வரலாறு கற்பித்த முதற்பாடம்.

காலராவை உண்டாக்கும் கிருமியை ஜெர்மானிய மருத்துவ மேதை ராபர்ட் கோக், 1883, 1884ஆம் ஆண்டுகளில் எகிப்திலும் கல்கத்தாவிலும் ஆராய்ந்து உலகுக்குக் காட்டினார். அதன்பின் எட்டு ஆண்டுகள் கழித்து அவருடைய நாட்டிலேயே ஒரு பெரும் சோதனை நிகழ்ந்தது.

எல்பே ஆற்றங்கரையில் ஹாம்பர்க், அல்டோனா என்று இரண்டு நகரங்கள் அடுத்தடுத்து இருந்தன. இரண்டுக்கும் இடையே சுவரும் இல்லை, வேலியும் இல்லை. சில இடங்களில் தெருவின் ஒரு புறம் ஹாம்பர்க், மறுபுறம் அல்டோனா. இரண்டு நகரங்களும் ஒரே ஆற்றின் நீரையே குடித்தன. ஹாம்பர்க் நகரம் ஆற்றின் மேற்பகுதியில் நீர் எடுத்தது. அதை வடிகட்டாமல் அப்படியே குழாயில் விட்டது. அல்டோனாவோ, ஹாம்பர்க் நகரின் கழிவெல்லாம் கலந்த பின் ஆற்றின் கீழ்ப்பகுதியில் நீர் எடுத்தது. ஆனால் அதை மணல் படுகையில் மெதுவாக இறக்கி வடிகட்டிய பிறகே மக்களுக்கு விட்டது. 1892ஆம் ஆண்டில் காலரா வந்தபோது ஹாம்பர்க் நகரில் 8,600 பேர் மாண்டார்கள். அல்டோனாவிலோ நோய் மிகச் சிறிய அளவில்தான் இருந்தது. தெருவின் இந்தப் பக்கத்தில் சாவு. அந்தப் பக்கத்தில் வாழ்வு. காற்று ஒன்று, மண் ஒன்று, மக்கள் ஒரே வகையினர். வேறுபாடு தண்ணீரில் மட்டுமே இருந்தது. மறு ஆண்டிலேயே ஹாம்பர்க் தன் மணல் வடிகட்டி நிலையத்தைக் கட்டி முடித்துவிட்டது.

மணல் எப்படிக் கிருமியைத் தடுக்கிறது என்று நம் பிள்ளைகள் கேட்பார்கள். மணல் படுகையின் மேல் தண்ணீர் நாள்தோறும் மெதுவாக இறங்கும்போது, மேற்பரப்பில் பாசி போன்ற மெல்லிய வழவழப்பான ஏடு படிகிறது. அந்த ஏட்டில் வாழும் நுண்ணுயிர்கள் நோய்க்கிருமிகளைப் பிடித்து உண்டுவிடுகின்றன. ஸ்காட்லாந்தின் பெய்ஸ்லி நகரில் 1804ஆம் ஆண்டிலும், லண்டனில் 1829ஆம் ஆண்டிலும் இத்தகைய மணல் வடிகட்டிகள் அமைந்தன. அவற்றைக் கட்டியவர்களுக்குக் கிருமி என்று ஒன்று உண்டு என்பதே தெரியாது. தெரியாமல் செய்த நற்காரியம் அது.

இவை ஊருக்கெல்லாம் பொதுவான ஏற்பாடுகள். வீட்டுக்குள் வைத்துக்கொள்ளும் வடிகட்டியின் கதைக்கு இனி வருவோம். காலரா பயத்தினால் இங்கிலாந்தில் வீட்டு வடிகட்டிகள் ஏராளமாக விற்பனையாயின. பீங்கான் சாடிக்குள் கரியை நிரப்பி, எல்லாக் கேட்டையும் நீக்கும் என்று விளம்பரம் செய்து விற்றார்கள். கரி, தண்ணீரின் வாடையையும் நிறத்தையும் நன்றாகவே நீக்கியது. ஆகவே வாங்கியவர்கள் மனநிறைவு அடைந்தார்கள். பெர்சி பிராங்க்லண்ட் என்னும் வேதியல் அறிஞர் 1885ஆம் ஆண்டளவில் இதனைச் சோதித்தார். புதிய கரி முதலில் கிருமிகளை நன்றாகத் தடுத்தது. ஒரு மாதம் கழிந்ததும், வடிகட்டிக்குள் ஊற்றிய தண்ணீரைவிட வெளியே வந்த தண்ணீரில் கிருமிகள் மிகுந்திருந்தன. கரியில் தங்கிய அழுக்கே கிருமிகளுக்கு உணவாகிவிட்டது. வடிகட்டி கிருமிப் பண்ணையாக மாறிவிட்டது.

1894ஆம் ஆண்டில் சிம்ஸ் உட்ஹெட், கார்ட்ரைட் உட் என்ற இரண்டு மருத்துவர்கள், சந்தையில் விற்ற பலவகை வீட்டு வடிகட்டிகளை வாங்கிப் பரிசோதித்துப் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் முடிவை வெளியிட்டார்கள். அவற்றுள் பெரும்பாலானவை நோய்க்கிருமியைத் தடுக்க உதவாதவை என்று தெரிந்தது. தேறியவை சில மட்டுமே. அவற்றுள் முதன்மையானது, பிரான்ஸ் நாட்டில் லூயி பாஸ்டரின் உதவியாளரான சார்ல்ஸ் சேம்பர்லண்ட் 1884ஆம் ஆண்டில் செய்த சுட்ட பீங்கான் குழல். ஜெர்மனியில் பெர்க்கபெல்டு என்பவரின் தொழிற்சாலை ஒருவகை மாவு மண்ணால் செய்த குழலும் முதலில் நன்றாகவே தடுத்தது; ஆனால் சில நாட்களுக்கு ஒரு முறை துலக்கிக் கொதிநீரில் இடாவிட்டால் கிருமி அதனூடே வளர்ந்து வெளியே வந்தது. இன்று கடையில் நாம் பார்க்கின்ற வெள்ளை மெழுகுவர்த்தி வடிகட்டி இவற்றின் வழி வந்ததே.

அந்தக் குழலுக்கும் ஓர் எல்லை உண்டு. 1892ஆம் ஆண்டில் ருஷ்ய நாட்டு விஞ்ஞானி இவனோவ்ஸ்கி, நோயுற்ற புகையிலை இலையின் சாற்றைச் சேம்பர்லண்ட் குழலில் வடிகட்டினார். வடிந்த சாறு தெளிவாகவே இருந்தது. ஆனால் அதைத் தடவிய நல்ல செடிக்கும் நோய் வந்தது. பீங்கானின் துளையிலும் புகுந்து போகக்கூடிய ஒன்று உண்டு என்பது தெரிந்தது. அதைத்தான் இன்று வைரஸ் என்கிறோம். மஞ்சள் காமாலையின் ஒரு வகையும் இளம்பிள்ளை வாதமும் வைரசால் வருபவை. தண்ணீர் வழியாகவும் பரவக்கூடியவை. ஆகவே ஐயத்துக்கு இடமான தண்ணீரைக் குழலில் வடிகட்டிய பின்னும் கொதிக்க வைப்பதே நல்லது. கொதித்த நீரில் காலராக் கிருமியும் பிழைக்காது, வைரசும் பிழைக்காது.

இனி நம் தோட்டங்களின் வரலாற்றுக்கு வருவோம்.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மலாயாவில் ரப்பர்த் தோட்டங்கள் காடு திருத்தி எழுந்தன. தமிழ்நாட்டின் கிராமங்களிலிருந்து ஆயிரமாயிரமாக நம்மவர்கள் வந்து சேர்ந்தார்கள். லயங்களை ஓடை ஓரமாகவும் சதுப்பு நில ஓரமாகவும் கட்டினார்கள். குடிக்க எடுத்த ஓடையிலேயே மேற்புறத்து லயத்தார் குளித்தார்கள், துணி துவைத்தார்கள். மலக்கூடம் முறையாக இல்லை. மழை பெய்தால் காட்டில் கிடக்கும் அசுத்தமெல்லாம் கிணற்றுக்குள் இறங்கும். விளைவு என்ன? 1911ஆம் ஆண்டில் மலாய்க் கூட்டு மாநிலங்களின் தோட்டங்களில் இந்தியத் தொழிலாளர் ஆயிரம் பேருக்கு அறுபது பேருக்கு மேல் ஓர் ஆண்டில் இறந்தார்கள். மலேரியாக் காய்ச்சல் முதல் எதிரி. சீதபேதியும் வயிற்றுப்போக்கும் அடுத்த எதிரிகள். கிள்ளான் பகுதியில் டாக்டர் மால்கம் வாட்சன் 1901ஆம் ஆண்டு முதல் வடிகால் வெட்டி மலேரியாவைக் குறைத்துக் காட்டினார். கொசுவுக்கு வடிகால் போல, வயிற்று நோய்க்கு நல்ல தண்ணீரும் மலக்கூடமும் தேவைப்பட்டன.

இத்தனை சாவுகளுக்குப் பின்னர்தான் சட்டம் வந்தது. 1912, 1923ஆம் ஆண்டுகளின் தொழிலாளர் சட்டத் தொகுப்புகளில், தொழிலாளருக்கு வீடும் மருத்துவமும் நல்ல தண்ணீரும் தரவேண்டியது தோட்ட நிர்வாகத்தின் பொறுப்பு என்ற கொள்கை இடம்பெற்றது. கிணற்றுக்குச் சுற்றுச்சுவர் எழுப்புதல், கிணற்றில் மருந்து கலத்தல், லயத்துக்கு இத்தனை குழாய் என்று அமைத்தல் எல்லாம் படிப்படியாக வந்தன. கிணற்றைக் கத்தரிப்பூ நிறமாக்கும் மருந்தைப் பெரியவர்கள் அறிந்திருக்கலாம். பொட்டாசியம் பெர்மாங்கனேட் என்னும் அந்த மருந்தைக் காலராக் காலத்தில் கிணறுகளில் இடும் முறையை இந்தியாவில் பரப்பியவர் டாக்டர் ஹாங்கின் என்பவர்.

அதே வேளையில் சீனத் தொழிலாளர்களின் ஒரு வழக்கத்தையும் இங்கே குறிப்பிட வேண்டும். அவர்கள் பச்சைத் தண்ணீர் குடிப்பது அரிது. வெந்நீரோ தேநீரோதான் குடிப்பார்கள். எந்தக் கருவியும் வாங்காமல், அடுப்பையும் கேத்தலையும் கொண்டே அவர்கள் தம்மைப் பெரிதும் காத்துக்கொண்டார்கள். பால்வெட்டுக்குப் போகும்போது நம்மவர்கள் போத்தலில் கட்டிச் சென்ற வரக்கோப்பியும் அந்த வகையில் நல்ல பாதுகாப்பே.

லயத்துக்கு முன்னால் வந்த பொதுக் குழாயை நாம் பீலி என்றோம். மலாய் மொழியிலும் 'பிலி' என்னும் சொல் அதே பொருளில் வழங்குகிறது. அந்தப் பீலியில் வந்த தண்ணீர் எல்லாத் தோட்டத்திலும் ஒரே தரமாக இல்லை. சில தோட்டங்களுக்கு அரசாங்கக் குழாய் நீர் வந்தது. வேறு சில தோட்டங்களில் நிர்வாகமே ஆற்றிலிருந்தோ குட்டையிலிருந்தோ இறைத்து, குறிப்பிட்ட நேரத்துக்கு மட்டும் விட்டது. தோட்டம் தனியார் நிலம் ஆதலால், பொறுப்பு நிர்வாகத்தின் மேல் இருந்தது. 1966ஆம் ஆண்டில் தொழிலாளர் குடியிருப்புக்கான குறைந்தபட்சத் தரத்தை வகுக்கும் சட்டம் வந்தது. 1990ஆம் ஆண்டில் அதனினும் விரிவான சட்டம் வந்து, தோட்டத்தில் குடியிருக்கும் தொழிலாளருக்குப் போதுமான குழாய்த் தண்ணீரை இலவசமாகத் தருவது முதலாளியின் கடமை என்று விதித்தது. 2019ஆம் ஆண்டில் செய்த திருத்தம் அச்சட்டத்தைப் பிற துறைத் தொழிலாளருக்கும் விரிவாக்கியது. இதை ஏன் இவ்வளவு விரித்துச் சொல்கிறோம்? கலங்கிய தண்ணீர் வருகின்ற தோட்டத்தில், ஒவ்வொரு குடும்பமும் தன் கைப்பணத்தில் கருவி வாங்குவதற்கு முன், சட்டப்படி கிடைக்க வேண்டியது கிடைக்கிறதா என்று கேட்க வேண்டும். தொழிற்சங்கமும் தொழிலாளர் இலாகாவும் சுகாதார இலாகாவும் அதற்காகவே இருக்கின்றன.

குழாய்த் தண்ணீரைக் காத்த இன்னொரு பொருள் குளோரின். இங்கிலாந்தின் லிங்கன் நகரில் 1905ஆம் ஆண்டில் டைபாய்டு காய்ச்சல் பரவியபோது, குடிநீரில் தொடர்ந்து குளோரின் மருந்து கலந்தார்கள். 1908ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ஜெர்சி நகரிலும் இம்முறை நிலைபெற்றது. குளோரினுக்கு ஒரு தனிச்சிறப்பு உண்டு. சுத்திகரிப்பு நிலையத்தில் கிருமியைக் கொன்ற பிறகும் சிறிதளவு மிஞ்சி, குழாய் வழியே நம் வீட்டு வாசல் வரை காவலாகக் கூடவே வருகிறது. சில வேளைகளில் குழாய் நீரில் நாம் முகர்கின்ற மருந்து வாடை அந்தக் காவலின் வாடையே. மலேசியச் சுகாதார அமைச்சு 1983ஆம் ஆண்டு முதல் தேசியக் குடிநீர்த் தரக் கண்காணிப்புத் திட்டத்தை நடத்திவருகிறது. அதன்படி குழாய் நீரில் எவ்வளவு குளோரின் மிஞ்சியிருக்கிறது என்பதையும் சோதிக்கிறார்கள்.

பின்னர் வந்த கருவிகள் இரண்டு. ஒன்று புற ஊதாக் கதிர் விளக்கு. பிரான்சின் மார்சேய் நகரில் 1910ஆம் ஆண்டிலேயே இதைக் குடிநீருக்குப் பயன்படுத்திப் பார்த்தார்கள். ஒளி கிருமியைச் செயலற்றதாக்கிவிடும். ஆனால் தண்ணீர் கலங்கலாக இருந்தால் கிருமி துகளின் நிழலில் ஒளிந்துகொள்ளும். மின்சாரம் நின்றால் காவலும் நின்றுவிடும். மற்றொன்று, மெல்லிய சவ்வின் வழியே தண்ணீரை அழுத்தித் தள்ளி உப்பையும் பிரித்துவிடும் முறை. இதனை ஆர்.ஓ. என்று கடைகளில் சொல்கிறார்கள். அமெரிக்காவில் சிட்னி லோப் என்பவரும், இந்தியாவில் பிறந்த ஸ்ரீனிவாச சௌரிராஜன் என்பவரும் 1960ஆம் ஆண்டை ஒட்டி இதற்கேற்ற சவ்வை உருவாக்கினார்கள். 1965ஆம் ஆண்டில் கலிபோர்னியாவின் கோலிங்கா என்னும் சிற்றூர் மக்கள் உவர் நீரை இம்முறையால் குடிநீராக்கினார்கள். சிங்கப்பூர் 2003ஆம் ஆண்டு முதல் பயன்படுத்திய நீரையே சவ்வினாலும் புற ஊதாக் கதிரினாலும் தூய்மையாக்கிப் புதுநீர் எனத் தருகிறது. இது சிறந்த முறையே, ஐயமில்லை. ஆனால் கோலிங்காவுக்கு அது தேவைப்பட்டது, அங்கே தண்ணீர் உப்பாக இருந்ததனால். நம் வீட்டுக் குழாயில் உப்புநீர் வருகிறதா என்பதை முதலில் பார்க்க வேண்டும். இக்கருவி வடிக்கும்போது கணிசமான தண்ணீர் கழிவாகப் போகிறது என்பதையும் மறக்கக்கூடாது.

வீட்டுக்கு வந்து விற்பவர்கள் சிலர் செய்துகாட்டும் ஒரு வித்தையைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். இரண்டு கண்ணாடிக் குவளைகள்: ஒன்றில் உங்கள் வீட்டுக் குழாய்த் தண்ணீர், மற்றொன்றில் அவர்கள் இயந்திரத்துத் தண்ணீர். இரண்டிலும் இரும்புக் கம்பிகளை விட்டு மின்சாரம் பாய்ச்சுவார்கள். குழாய்த் தண்ணீர் பழுப்பு நிறமாகி நுரைத்துவிடும். மற்றது தெளிவாகவே நிற்கும். பார்த்த தாய்மார்கள் நடுங்கிவிடுவார்கள். உண்மை என்னவென்றால், அந்தப் பழுப்பு நிறம் தண்ணீரிலிருந்து வந்தது அன்று. கம்பியின் இரும்பு கரைந்து வந்த துரு அது. குழாய் நீரில் இயற்கையான தாது உப்புகள் இருப்பதால் மின்சாரம் பாய்கிறது, கம்பி கரைகிறது. உப்பு நீக்கிய தண்ணீரில் மின்சாரம் பாயாது, கம்பியும் கரையாது. தெளிவாக நிற்கின்ற அந்தக் குவளையில் ஒரு சிட்டிகை கறியுப்பைப் போடச் சொல்லுங்கள். அதுவும் பழுப்பாகிவிடும். 1894ஆம் ஆண்டில் உட்ஹெட் செய்த சோதனை கிருமியை எண்ணியது. இந்த வித்தையோ எதையும் எண்ணவில்லை. இதை நம்பி ஆயிரக்கணக்கான வெள்ளிக்குத் தவணை எழுதிக் கொடுத்துவிட்டு, பிள்ளைகளின் புத்தகச் செலவுக்குத் திண்டாடும் குடும்பங்களைத் தோட்டப்பள்ளி ஆசிரியர்களாகிய நாங்கள் கண்டிருக்கிறோம்.

சரி, இந்த வரலாற்றைக் கொண்டு நாம் எப்படித் தேர்ந்தெடுப்பது? கருவியைப் பார்ப்பதற்கு முன் தண்ணீரைப் பார்க்க வேண்டும்.

உங்கள் வீட்டுக்கு அரசாங்கக் குழாய் நீர் வருகிறது என்றால், கிருமியைக் கொல்லும் வேலை பெரும்பாலும் முடிந்தே வருகிறது. பழைய குழாயின் துருவும் மண்ணும் வந்தால் அதைத் தடுக்கும் எளிய வடிகட்டி போதும். வாடை பிடிக்காதவர்கள் கரி வடிகட்டி வைக்கலாம். ஆனால் கரி குளோரினையும் எடுத்துவிடும். காவல் போன தண்ணீரைப் பல நாள் சேர்த்து வைக்கக்கூடாது. வீட்டு மேல்தொட்டியை மூடி வைத்துக் கழுவி வரவேண்டும். தண்ணீர் நின்று மீண்டும் வரும் நாட்களில் கொதிக்க வைத்துக் குடிப்பது நல்லது.

கிணறோ ஓடையோ குட்டையோ உங்கள் தண்ணீர் என்றால், கிருமிதான் முதல் எதிரி. முதலில் தெளியவைத்து, பீங்கான் குழலில் வடிகட்டி, பின் கொதிக்க வைக்க வேண்டும். நன்றாகக் குமிழியிட்டுக் கொதித்த பின் ஒரு நிமிடம் விட்டால் போதும். வற்றும்வரை காய்ச்சி எரிவாயுவை வீணாக்க வேண்டியதில்லை. கிளந்தானில் உள்ளதுபோல் நிலத்தடி நீரில் இரும்பு மிகுந்து, வெளுத்த துணியையும் பழுப்பாக்கினால், தண்ணீரைக் காற்றுப்பட விழச் செய்து மணலில் வடிகட்டினால் இரும்பு பெருமளவு தங்கிவிடும். அந்த வேலையைக் கொதிக்க வைத்தல் செய்யாது.

ஆற்றில் எண்ணெயோ இரசாயனமோ கலந்துவிட்டால் வீட்டு முறைகளை நம்பவே கூடாது. கொதிக்கக் கொதிக்கத் தண்ணீர் சுண்டும், நஞ்சோ தங்கிவிடும். 2020ஆம் ஆண்டு செப்டம்பரில் சிலாங்கூர் ஆற்றில் கெட்ட வாடை கலந்தபோது சுத்திகரிப்பு நிலையங்களையே நிறுத்திவைத்தார்கள். பெரிய நிலையமே வேண்டாம் என்று ஒதுக்கிய தண்ணீரை, சமையலறைக் கருவி சீராக்கிவிடும் என்று எண்ணலாகாது.

கருவி விற்பவரிடம் மூன்று கேள்விகள் கேளுங்கள். இது எதை நீக்குகிறது: மண்ணையா, வாடையையா, கிருமியையா, உப்பையா? அதை எந்த ஆய்வுக்கூடம் சோதித்துச் சான்று தந்தது? உள்ளே இருக்கும் குழலையோ கரியையோ எத்தனை மாதத்துக்கு ஒரு முறை மாற்ற வேண்டும், அதற்கு எத்தனை வெள்ளி ஆகும்? மூன்றாவது கேள்வியைப் பலர் கேட்பதில்லை. மாற்ற முடியாத விலையுள்ள கருவியை வாங்குவதும், பிராங்க்லண்ட் கண்ட கிருமிப் பண்ணையை வீட்டில் வைப்பதும் ஒன்றே.

இறுதியாக, தூய்மையாக்கிய தண்ணீரை வைக்கும் முறை. 1980களில் கல்கத்தாவின் சேரிப்பகுதிகளில் ஆராய்ச்சியாளர்கள் காலரா கண்ட வீடுகளுக்கு வாய் குறுகிய மண் கூஜாக்களைக் கொடுத்துப் பார்த்தார்கள். அந்த வீடுகளில் மற்றவர்களுக்கு நோய் தொற்றுவது குறைந்தது. காரணம் எளியது: வாய் குறுகிய பாத்திரத்தில் கை விட முடியாது; சாய்த்துத்தான் ஊற்ற முடியும். வாளியிலும் தோம்பிலும் பிள்ளைகள் குவளையோடு கையையும் விட்டு மொள்ளும்போது, நாம் கொதிக்க வைத்ததெல்லாம் வீணாகிறது. மூடியுள்ள பாத்திரம், அடியில் திருகுகுழாய், சோப்பிட்டுக் கழுவிய கை ஆகிய மூன்றும் எந்த இயந்திரத்துக்கும் குறைந்தவை அல்ல.

நேயர்களே! ஹாம்பர்க் நகரத்துச் செல்வர்கள் வீட்டுக்கு வீடு வடிகட்டி வாங்கியதால் காலரா ஒழியவில்லை. ஊர் முழுவதுக்கும் மணல் வடிகட்டி கட்டியதால்தான் ஒழிந்தது. நம் தோட்டங்களிலும் பொதுக் கிணறும் பீலியும் சட்டமும் சீரானபோதே சாவு குறைந்தது. ஆகவே நல்ல தண்ணீரைச் சேர்ந்து கேட்டுப் பெறுவது முதற்கடமை. வீட்டில் காப்பது இரண்டாம் கடமை. இவ்விரண்டையும் செய்கின்ற குடும்பத்தில் அடுப்பும் கேத்தலும் மூடிய குடமுமே பெரும்பாலான நாட்களுக்குப் போதுமான கருவிகள். அதற்கு மேல் வேண்டுமா என்பதை விற்பவர் சொல்ல வேண்டாம். உங்கள் வீட்டுத் தண்ணீரைச் சோதித்த சுகாதார அதிகாரி சொல்லட்டும்.